நான் திறக்கச் சொன்ன கதவு

அக்கா,

முந்தாநாள் அதியமான்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பஞ்சர் கடை ஓரம் ஒரு லாரி நின்றது. அதன் முன்கண்ணாடியை டிரைவர் ஏறி நின்று துடைத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த துணியை ஒருமுறை உதறி மறுபக்கம் திருப்பினார். பார்த்தால் உங்கள் முகம். கார்க்காரர்கள் அத்தனை பேரும் உங்கள் படத்தை முதுகில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்களே, அந்த டி-ஷர்ட். ஒரு கன்னம் முழுக்க கிரீஸ் அப்பியிருந்தது, நெற்றியில் ஒரு ஓட்டை. கேட்டு வாங்கிவிடலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். என்னவென்று சொல்லிக் கேட்பது? "இது எங்க வூட்டுக்காரரோட அக்காங்க" என்றால் அந்த மனுஷன் பாவம், என்ன செய்வார். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

நீங்களாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளாக வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை, சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பயணத்துக்கு நீங்கள் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. பாப்பிரெட்டிப்பட்டித் தையல் மையத்தில் நீங்கள் துணி வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் பெங்களூரிலிருந்து அவர்கள் வந்தார்கள். விலை உயர்ந்த கார்கள் வைத்திருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கன்னியாகுமரி வரை போய்த் திரும்புவார்களாம். வழியெல்லாம் நன்கொடை திரட்டி, வீல்சேரைத் தூக்கி ஏற்றும் லிஃப்ட் வைத்த வேன் ஒன்றை மையத்துக்கு வாங்கித் தருவார்களாம். ஊருக்கு ஊர் மேடையில் பேச, மையத்திலிருந்து ஒருவர் கூட வர வேண்டும். நாலு வயதில் கால் போனதிலிருந்து வாயை வைத்தே பிழைத்தவர் நீங்கள், உங்களை விட்டால் வேறு யார்?

"அஞ்சு நாளு கார்ல உக்கார என்னால ஆவாதுங்க" என்று அவர்களிடம் சொன்னீர்கள். அவர்கள் போன பிறகு மையத்துப் பெண்கள் உங்களைச் சுற்றிக்கொண்டார்கள். பஸ் படியில் கையை ஊன்றி ஏறுகிறவர்கள், ஊன்றுகட்டையை முதலில் உள்ளே எறிந்துவிட்டுப் பிறகு தாங்கள் ஏறுகிறவர்கள். அதற்கு முந்தின மாதம்தான் ஒருத்தி படியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையோடு அவள்தான் சொன்னாள், "நீங்க போனாத்தாங்கக்கா வேன் வரும்." அதற்குமேல் நீங்கள் எப்படி மறுப்பது? உங்களைத் தூக்கி இறக்க நான் கூட வருவதாக முடிவானது. என்னை யாரும் கேட்கக்கூட இல்லை.

நமக்குக் கொடுத்த காரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளை நிறம், தரையோடு தரையாக, இரண்டே கதவு. நீங்கள் முன்னால், நான் டிரைவருக்குப் பின்னால். நான் இறங்க வேண்டுமென்றால் கார்க்காரர் முதலில் இறங்கி, தன் சீட்டை மடித்து வழிவிட வேண்டும். அப்புறம் நான் சுற்றி வந்து, கிணற்றிலிருந்து குடத்தை எடுப்பதுபோல உங்களை மேலே தூக்க வேண்டும். அவர் நல்ல மனுஷர். பெங்களூரில் கட்டடங்கள் கட்டுகிறவர். உங்களைவிடப் பத்து வயதாவது சிறியவர், வாய்க்கு வாய் உங்களை அக்கா என்றார். டிக்கியைத் திறந்தபோதுதான் அவருக்கே உறைத்தது. அதில் ஒரு தோல்பைக்குத்தான் இடம். உங்கள் வீல்சேரை, பேனரும் மைக் செட்டும் ஏற்றிய சாமான் வண்டியில் போட்டார்கள். அது பந்தல் வேலைக்காக எல்லாருக்கும் முன்னால் போய்விடும்.

"வீல்சேருக்கு வண்டி வாங்கப் போறோம், வீல்சேருக்கு எடமில்ல" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

டி-ஷர்ட்டைப் பார்த்தபோது நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "எல்லாரும் என்னய முதுவுல தூக்கிக்கினாங்க புள்ள. எறக்கி வுடத்தான் ஒருத்தருமில்ல."

முதல் நாள் நன்றாகத்தான் போனது. நிற்கிற ஊரிலெல்லாம் மேளம், மாலை, இளநீர். இரண்டாம் நாள் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் உங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு நடந்தேன். காரைப் பார்க்க வந்த கூட்டம் செல்போனோடு நம் பின்னாலேயே வந்தது. அங்கே படி உயரம், கதவு இடுக்கு. திரும்பி வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலை மூடி என் மடியில் எறிந்தீர்கள். அப்புறம் காலையில் ஒரு வாய், இரவு ஓட்டல் அறைக்குப் போன பிறகு ஒரு வாய், அவ்வளவுதான். கேட்டால் "தாகமில்ல புள்ள" என்பீர்கள். உதடு வெடித்திருந்ததை, விழா நடத்துகிற மேடம் கொடுத்த லிப்ஸ்டிக்கைப் பூசி மறைத்தீர்கள். எட்டு மணிநேரம், ஒன்பது மணிநேரம் அந்த மெத்தென்ற சீட்டில் அசையாமல் இருப்பீர்கள். கறுப்புக் கண்ணாடி, வெளியே கையசைக்கிறவர்களுக்கு உள்ளே யாரென்று தெரியாது. நீங்கள் ஒருவர் விடாமல் பதிலுக்குக் கையசைத்தீர்கள்.

அவர்களிடம் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்கப் போனால் உங்கள் கை பின்னால் வந்து என் முழங்காலைக் கிள்ளும். "கெடக்குது வுடு. வேன் வரட்டும்."

ஐந்தாம் நாள் சேலத்தைத் தாண்டி தொப்பூர் வந்ததும் எனக்கு உயிர் வந்தது. அங்கே பொம்மிடி ரோட்டைப் பிடித்தால் நம் வீடு. ஆனால் அதியமான்கோட்டையில் வரவேற்பு, வேன் தருவதாக அங்கேதான் அறிவிப்பார்கள். கணவாயில் ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டிகள் நின்றுவிட்டன. மேலே ஒரு லாரி கவிழ்ந்துவிட்டதாம். நம் இடது பக்கம் கம்பி ஏற்றிய லாரி ஒன்று ஒட்டி நின்றது, உங்கள் கதவு ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் இடமில்லை. அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. ஐந்து நாளில் முதல்முறையாக உங்கள் வாயிலிருந்து வந்தது, "ஏ புள்ள, முடியல."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் பொறுத்துக்குங்க அக்கா, இப்ப கிளியர் ஆயிடும்" என்றார் கார்க்காரர். அவருக்கு என்ன தெரியும்? நான்தான் "சார், நீங்க கொஞ்சம் எறங்கி நில்லுங்க" என்றேன். அவர் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். நான் பின்னாலிருந்து துண்டை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. "சீட்டு கெட்டுப்போவும்" என்றீர்கள். அந்த நிலையிலும் அடுத்தவர் சீட்டைப் பற்றித்தான் கவலை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, உங்கள் மேலா அந்தக் கார் மேலா என்று தெரியவில்லை.

இரண்டு மணிநேரம் கழித்து வண்டிகள் நகர்ந்தன. முதல் குலுக்கலில் உங்கள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். சேலை நனைந்துவிட்டது. ஏசியைக் கூட்டி வைக்கச் சொன்னீர்கள், அவரும் கூட்டி வைத்தார்.

அதியமான்கோட்டையில் பந்தல், மைக், பெரிய மனிதர்கள். மையத்துப் பெண்கள் காலையிலிருந்து வெயிலில் காத்திருந்தார்கள். உங்கள் தம்பி மாலையோடு முன்வரிசையில் நின்றார். கார்க்காரர் இறங்கி எனக்கு வழிவிட்டார், நான் இறங்கி, கதவைச் சாத்திவிட்டுச் சுற்றி வந்தேன். அதற்குள் நீங்கள் கதவிலிருந்த பொத்தானை அமுக்கிப் பூட்டிவிட்டீர்கள். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். குரல் கேட்கவில்லை. "வூட்டுக்கு" என்று உதடு சொன்னது மட்டும் தெரிந்தது.

நான் கண்ணாடியைத் தட்டினேன். "தொறங்கக்கா, எல்லாரும் பாக்கறாங்க." நீங்கள் தலையை ஆட்டினீர்கள். மேடம் வந்து என்ன ஆச்சு என்றார். "ஒண்ணுமில்லீங்க, வெக்கப்படறாங்க" என்று பொய் சொன்னேன். கார்க்காரர் கையில் சாவி இருந்தது. அவர் அமுக்கவில்லை. "அவங்க வேணாம்ங்கறாங்களே" என்று என்னைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு இருந்த மனசு எனக்கு இல்லை. ஒருபக்கம் அந்தப் பெண்கள், ஒருபக்கம் வேன். உண்மையைச் சொன்னால், என் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது, எப்படியோ முடிந்து தொலைந்தால் போதும் என்றிருந்தது.

"நீங்க தொறங்க சார்" என்றேன்.

டக்கென்று சத்தம் வந்தது. உங்களைத் தூக்க ஓடி வந்தவர் உங்கள் தம்பி. அம்மா இல்லாத பிள்ளையை, தரையில் தவழ்ந்தபடியே குளிப்பாட்டி வளர்த்தவர் நீங்கள். தூக்கிய கையில் ஈரம் பட்டதும் அவர் முகம் போன போக்கை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். தோளிலிருந்த துண்டை எடுத்து உங்கள் மடியில் விரித்தார். நீங்கள் மேடையில் சிரித்துக்கொண்டே பேசினீர்கள். நன்றாகக் கை தட்டினார்கள்.

வீட்டில் குளிக்க வைத்தபோது ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். "சாவி அவருகிட்டதான் இருந்துது. அமுத்தச் சொன்னது நீ." அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வேன் வந்தது. தினமும் அதில் போனீர்கள், வந்தீர்கள், கையை முறித்துக்கொண்டவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கதை பேசினீர்கள். நீங்கள் என்னைத் திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழாய் போட்டார்கள், துணி விலகி விலகிப் போனது. "யாரயும் உள்ள வுடாத. தம்பிய வுடவே வுடாத. அவன் அன்னிக்குப் பாத்தது போதும்" என்றீர்கள். இந்தத் தடவையாவது சொன்னபடி செய்யலாம் என்று தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். பழத்தோடு பெங்களூரிலிருந்து வந்த கார்க்காரரையும் திருப்பி அனுப்பினேன். உங்கள் தம்பி கதவுக்கு வெளியே நின்று கத்தினார். "எங்க அக்காவப் பாக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாருடி?"

மூன்றாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்தீர்கள். "தம்பி சாப்ட்டானா? வரச்சொல்லு" என்றீர்கள்.

நான் அப்போதே எழுந்து கதவைத் திறந்திருக்க வேண்டும். அவர் வெளியில் பெஞ்சில்தான் இருந்தார். எனக்கோ அந்த அதியமான்கோட்டை ஈரம் மனதை விட்டுப் போகவில்லை. நனைந்த சேலையோடு இன்னொரு தடவை அவர் கண்ணில் உங்களைக் காட்டக் கூடாது என்று நினைத்தேன். நனைந்திருந்த படுக்கை விரிப்பை மாற்றினேன். முகம் துடைத்தேன். நீலப்பூப் போட்ட புடவையைப் போர்த்தி, தலையை வாரி, பொட்டு வைத்தேன். பத்து நிமிடம் இருக்குமா? அவ்வளவுதான் இருக்கும். கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டபோது உங்கள் கண் திறந்துதான் இருந்தது. அதில் நீங்கள் இல்லை.

சாகும்போதுகூட அக்கா தன்னைப் பார்க்க விரும்பவில்லை என்று உங்கள் தம்பி நம்பிக்கொண்டிருக்கிறார். காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி அழுதார். நீங்கள் கேட்டதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு அக்கா திரும்பக் கிடைப்பார், நான் இல்லாமல் போவேன். சொல்லாவிட்டால் தினமும் அந்த முகத்தோடு அவர் சாப்பிடுவதை நான் பரிமாறிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் காரில் இறங்க வழியில்லாமல் நான் பின்னால் உட்கார்ந்திருந்ததுபோலத்தான் இந்த எட்டு மாதமும் போயிருக்கிறது. "தம்பி சாப்ட்டானா" என்கிற உங்கள் குரல் மட்டும் என்னோடு இருக்கிறது. அது எனக்குச் சேர வேண்டியதே இல்லை.

உங்களுக்கு எழுதினால் நீங்கள் படிக்க வருவீர்களா என்ன? மணி ஆறாகிவிட்டது. அவர் வருகிற நேரம். இந்தத் தாள்களை மடிக்காமல் அவர் சாப்பிட உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அவருடைய மூக்குக்கண்ணாடியையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.