அக்கா கூட்டிப்போன கண் பரிசோதனை

அக்கா,

இன்று காலை தஞ்சாவூர்க் கண் மருத்துவமனையில் உன் மகளின் நெற்றியில் அந்தக் களிம்பைத் தேய்த்தார்கள். மணலைக் குழைத்ததுபோல் நறநறவென்று இருக்குமே, அதேதான். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும், இதே பரிசோதனைக்கு நீ என்னை இழுத்துக்கொண்டு வந்த நாள் கண்முன் வந்து நின்றது.

உன் கண் கெட்டுக்கொண்டிருந்தது வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துப் பரிமாறும்போது சாம்பார் தட்டுக்கு வெளியே விழுந்தது. பக்கவாட்டில் ஓடிவந்த பிள்ளையின் மேல் மோதி வாளியோடு சாய்ந்தாய். "வயசாவுதுல்ல" என்று சிரித்தாய். எதிரில் இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்ததால் கண்ணைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் மருத்துவரிடம் போனபோது, கண்ணழுத்த நோய் இடக்கண்ணை ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தது. வலக்கண்ணிலும் ஓரங்கள் போய்விட்டிருந்தன.

அன்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். மறுநாளே, நான் அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த வயலுக்கு வரப்பைத் தடவித் தடவி வந்துவிட்டாய். சம்பா அறுப்பு மும்முரமாக நடந்த நேரம்.

"வண்டிய நிறுத்துடா. கூடப் பொறந்தவங்களுக்கும் இது வரலாமாம். உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுக்கா. அறுப்பு முடியட்டும்."

"எனக்கும் நல்லாத்தான்டா தெரிஞ்சுது."

வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

மருத்துவமனையில் எனக்குக் கண்ணழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் சோதனையில் ஒரு குறையும் இல்லை. அப்பாடா என்று எழுந்தேன். டாக்டரம்மா விடவில்லை.

"அதுல கோளாறு தெரியறதுக்குள்ள நரம்பு நிறைய போயிருக்கும். விழித்திரையிலேர்ந்து வர்ற மின்சாரத்தையும் அளந்து பாத்துடுவோம்" என்றார்.

"கண்ணுக்குள்ள கரண்டா?" என்று நீ பயந்து எழுந்துவிட்டாய்.

"எல்லார் கண்ணுலயும் இருக்கும்மா, ரொம்பக் கொஞ்சமா. நாங்க கரண்ட் வைக்க மாட்டோம். வர்றத அளக்கறோம், அவ்வளவுதான்."

கீழிமைக்குள் தலைமுடி மாதிரி ஓர் இழையை வைத்தார்கள். நெற்றியிலும் கன்னப்பொட்டிலும் ஒயர்களை ஒட்டினார்கள். எதிர்த் திரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், நொடிக்கு நொடி இடம் மாறிக்கொண்டே இருந்தன. நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுவரோரம் நின்றிருந்த உன் குறுகிய பார்வைக்குள் திரையும் நானும் சேர்ந்து அடங்கவில்லை. ஆனாலும், "புள்ளியவே பாருடா, சிமிட்டாத" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாய்.

"அம்மா, நீங்க பேசினா அவரு சிரிக்கிறாரு. கம்ப்யூட்டர்ல வர்ற அலை கலங்கிப் போவுது" என்றாள் கருவியை இயக்கிய பெண். அதைக் கேட்டு நீயே சிரித்துவிட்டாய்.

அலை இருக்கவேண்டிய உயரத்துக்கு இல்லை. நரம்பைப் படமெடுத்துப் பார்த்ததிலும் இலேசான தேய்மானம் தெரிந்தது. "நரம்புல செல்கள் நிறைய சாகல, சோர்ந்துதான் கெடக்கு. இப்பவே சொட்டு மருந்து ஆரம்பிச்சா பார்வையக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டரம்மா. நீ துழாவி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாய்.

திரும்பும் பேருந்தில் மெல்லக் கேட்டேன். "உனக்கும் இத முன்னாடியே பாத்திருந்தா..."

நடுவதும் அறுப்பதுமாகக் காலம் தள்ளிய நம் அம்மாவின் பேச்சுத் தோரணை உன்னிடம் அப்படியே உண்டு. "எனக்குப் பாக்கல. உனக்குப் பாத்தாச்சுல்ல? சும்மா அதையே பேசாம டிக்கெட் எடு."

அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வரும். "சொட்டு ஊத்துனியா?" அழுத்தம் இறங்கியது. அடுத்த முறை பார்த்தபோது அலையும் சற்று உயர்ந்திருந்தது. நீ கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாய். எதற்கு என்று கேட்டவர்களிடம், "தம்பி கண்ணுல கரண்ட் கூடியிருக்கு" என்றாய்.

மிச்சமிருந்த பார்வையில் குறையில்லாமல்தான் வாழ்ந்தாய். போன வருஷம் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டாய். நான் இன்றும் மெஷின் ஓட்டுகிறேன். வண்டியின் இருபுறமும் எழும்பும் கொக்குகள் நன்றாகத் தெரிகின்றன.

உன் மகள் சென்னையில் வேலையைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். இந்த விடுமுறையில் பிடித்துவிட்டேன். அவள் அலைகள் திரையில் நல்ல உயரமாக எழுந்து விழுந்தன. எல்லாம் சரியாக இருக்கிறது, வருஷா வருஷம் வந்து காட்டினால் போதும் என்றார்கள்.

வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது அவள் கேட்டாள்: "என்ன மாமா, எந்தப் பக்கம் போனாலும் என் இடது பக்கமாவே வந்து நிக்கிறீங்க?"

அவள் சொல்லித்தான் கவனித்தேன். உனக்குத் தெரியாத பக்கத்தில் இத்தனை வருஷம் நடந்து பழகிய கால்கள், அக்கா.

"உங்கம்மாவோட நடந்த பழக்கம்மா" என்றேன்.

அவள் இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.