மஞ்சள் பெட்டியின் மேல் வைத்த சீட்டு

மாப்ளே,

இன்று காலை தாலூகா கச்சேரிப் பக்கம் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் தேர்தல் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள். புது வர்ண வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே நின்ற குமாஸ்தா, "என்னுங்க வக்கீலய்யா, தனியாச் சிரிக்கறீங்க?" என்று கேட்டார். நீ உயிரோடு இருந்தால் நேரே உன் வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பேன். இப்போது எழுதத்தான் முடிகிறது.

நாமக்கல் கோர்ட்டில் நமக்கு ஒரே அறை, ஒரே சட்டப் புத்தக அலமாரி. ஆனால் முக்கால்வாசி வழக்குகளில் எதிரெதிர்ப் பக்கம். காலையில் என் புத்தகத்தையே இரவல் வாங்கிக்கொண்டு போய் மத்தியானம் அதைவைத்தே என்னைத் தோற்கடிப்பாய். கோபம் வரும். சாயந்திரம் காப்பி வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டுவாய்.

அந்த ஜில்லா போர்டுத் தேர்தல் வழக்கும் அப்படித்தான் வந்தது. எழுத்துத் தெரியாத ஜனங்களுக்காக அப்போதும் இப்படித்தான், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. மறைப்புக்குள் போய், வேண்டியவரின் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். என் கட்சிக்காரர் புதுச்சத்திரம் பக்கத்துப் பண்ணைக்காரர். அவருக்கு மஞ்சள் பெட்டி. உன் கட்சிக்காரர் ராசிபுரத்து ஜவுளி வியாபாரி, வெள்ளைப் பெட்டி. பண்ணைக்காரர் சொற்ப ஓட்டில் ஜெயித்தார். ஒரு சாவடியில் மட்டும் வேடிக்கை நடந்திருந்தது. தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டி வந்த பெண்கள் மஞ்சள் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, சீட்டை அதன் தலையில் பூவோடு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறைப்புக்குள் எட்டிப் பார்த்த சாவடி அதிகாரி அந்தச் சீட்டுகளைத் தன் கையாலேயே பெட்டிக்குள் தள்ளிவிட்டார். அவற்றைக் கழித்தால் பண்ணைக்காரரின் ஜெயம் நிற்காது. நீ சேலத்தில் ஜில்லா ஜட்ஜ் முன்பு தேர்தல் மனுப் போட்டாய்.

அந்த ஜட்ஜ் எந்தக் கட்சியின் தயவில் அந்த நாற்காலிக்கு வந்தார் என்பது ஊரறிந்த விஷயம். அது உன் வியாபாரி நின்ற கட்சி. அதே சமயம் நீ முன்சீப் கோர்ட் நீதிபதி வேலைக்கு மனுப் போட்டிருந்தாய். உன்னைப் பற்றி அதே ஜட்ஜின் அபிப்பிராயம்தான் சென்னைக்குப் போக வேண்டும். தங்கச்சி, அதாவது உன் மனைவி, எந்த ஊருக்கு மாற்றினாலும் மாடு இரண்டையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று அப்போதே நிபந்தனை போட்டிருந்தாள்.

அந்தப் பெண்களில் ஒருத்தியான பாவாயி சாட்சிக் கூண்டில் நின்றதை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பன் எழுதிவைத்த நிலம் அவள் பேரில் இருந்ததால் ஓட்டுரிமை கிடைத்தவள். நீ உன் பொல்லாத மரியாதையோடு கேட்டாய்:

"ஏனுங்கம்மா, சீட்டைப் பொட்டிக்குள்ள போடலீங்களா?"

"சாமிக்கு வெக்கறத ஆராச்சும் சந்துக்குள்ள திணிப்பாங்களா, சாமி? மேலதானுங்க வெச்சேன்."

கோர்ட்டே சிரித்தது. நீ உட்கார்ந்துவிட்டாய். அவ்வளவு போதும் உனக்கு. நான் எழுந்தேன். "மேல வெச்ச சீட்டு அப்புறம் என்ன ஆகும்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கேள்வி அவசியமில்லை" என்றார். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சீட்டுகள் செல்லாது, தேர்தலும் செல்லாது, மறுபடி நடத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உன் வியாபாரி உனக்கு ரோஜா மாலை போட்டார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன், நீயும் பின்னாலேயே வந்தாய்.

தீர்ப்பைக் கேட்கப் பாவாயியும் வந்திருந்தாள். நம் இருவரையும் வழிமறித்து, உன்னைத்தான் கேட்டாள்.

"அப்ப நா ஓட்டே போடலீங்களா, சாமி?"

நீயோ நான் கோர்ட்டில் கேட்ட கேள்வியையே அவளிடம் திருப்பிக் கேட்டாய். மேலே வைத்த சீட்டு என்ன ஆகும் என்று நினைத்தீர்கள்?

"கோயல்ல நாம வெளிய நின்னு தட்டக் குடுத்தா, பூசாரி உள்ள கொண்டுபோயி வெக்கறாரில்லீங்க? அதாட்டம் அந்த ஐயா எடுத்து உள்ள போட்டுக்குவாருன்னு நெனச்சனுங்க. அவரும் போட்டாருங்களே!"

பஸ் ராசிபுரம் தாண்டியது. பிறகு சொன்னாய்: "ஜட்ஜோட கட்சி தீர்ப்புல தெரியாது மாப்ள. எந்தக் கேள்வியக் கேக்க வுடறதில்லைங்கறதுல தெரியும்."

அடுத்த வாரமே சென்னைச் சட்டப் பத்திரிகைக்கு நீ கட்டுரை எழுதினாய். ஜெயித்த வக்கீல் தனக்குச் சாதகமான தீர்ப்பையே பிரித்துப் போட்டதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பெட்டியைத் தேர்ந்தெடுத்தது வாக்காளர், மறைப்புக்குள், தன் இஷ்டத்துக்கு. அப்போதே வாக்கு முடிந்துவிட்டது, உள்ளே தள்ளிய கை யாருடையது என்பது பிறகு வரும் கேள்வி என்று எழுதினாய். அதிகாரி கைவைக்கலாம் என்றால் நாளைக்கு ஒரு பெட்டிச் சீட்டை இன்னொன்றில் போடுவாரே என்ற பயம் நியாயமானது என்றும் ஒப்புக்கொண்டாய். அதற்கு அதிகாரியை விசாரிக்கலாம், வாக்கை அழிக்கக் கூடாது. வாக்காளரின் எண்ணத்தைக் கேட்கவே விடாமல் வாக்கைத் தள்ளியது தவறு என்று முடித்திருந்தாய்.

உன் வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுக் கத்தினேன். "உனக்குப் பைத்தியமா? முன்சீப் உத்தியோகம் வாசல்ல வந்து நிக்குது. எழுதறதுன்னா நா எழுதறேன், தோத்தவன் நாந்தானே!"

"தோத்தவன் எழுதுனா அழுவறான்னு போட்டுப் போயிருவாங்க. செயிச்சவன் எழுதுனாத்தான் படிப்பாங்க" என்றாய். தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தேன், அவளாவது தடுப்பாள் என்று. "மாட்டைப் புது ஊருக்குப் பழக்கறது செரமமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போய்விட்டாள். உங்கள் இருவரையும் எந்த நேரத்தில் ஜோடி சேர்த்தார்களோ!

கட்டுரை வெளிவந்தது. முன்சீப் பட்டியலும் வெளிவந்தது. அதில் உன் பெயர் இல்லை. வியாபாரி மாலை போட்ட கையாலேயே உன் வக்காலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நீ என்னவோ வழக்கம்போல என் புத்தகத்தை இரவல் கேட்டு வந்து நின்றாய். உன் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று நான் பல நாள் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசிவரை நாமக்கல்லிலேயே இருந்து, என்னைத் தோற்கடித்துக்கொண்டு, சந்தோஷமாகத்தான் இருந்தாய். உன் நஷ்டத்தில் எனக்குத்தான் லாபம். நீ மாற்றலாகிப் போயிருந்தால் நான் யாரோடு சண்டை போட்டிருப்பேன்?

மறுதேர்தல் அன்று சாவடிக்கு வெளியே புளியமரத்தடியில் நாம் நின்றிருந்தோம். சீட்டை உள்ளே போடச் சொல்லி வாசலில் ஒரு சேவகர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். பாவாயி ஓட்டுப் போட்டுவிட்டு நேராக உன்னிடம் வந்தாள்.

"உள்ளதானுங்க போட்டேன். இது செல்லுங்களா, சாமி?"

"செல்லுமுங்கம்மா" என்றாய். அவள் திரும்பி நாலடி போன பிறகு மறுபடி கூப்பிட்டாய்.

"போன தடவ போட்டதும் செல்லுமுங்க."

அவள் உன்னையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, நடந்துபோன மற்ற பெண்களை எட்டிப் பிடிக்க ஓடினாள். அதைச் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அது கோர்ட் அவமதிப்பு மாப்ளே. நான் அப்போதே உன் காதில் சொன்னேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தீர்ப்புகளைப் படித்துவிட்டேன். எனக்கு மனப்பாடமாக இருப்பது புளியமரத்தடியில் நீ சொன்ன அந்த ஒன்றுதான்.