கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 11, 2025

எட்டரை மணிக்குக் கரண்ட் போய்விட வேண்டும் என்று ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டேன். போகவில்லை. ஸ்ரீரங்கத்தில் மற்ற நாளெல்லாம் போகும்.

'சூறாவளி சிங்காரம் வந்தாச்சு' என்று ஒரு பாழாய்ப்போன தொடர். வெளியூரில் கபடி ஆடிப் பேர் வாங்கி, முட்டி போய், தொப்பை போட்டு ஊர் திரும்பும் ஒருவனை வைத்துக் கூத்தடிக்கிறார்கள். அவன் குனிந்து கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும்போதெல்லாம் பின்பக்கமிருந்து 'டர்'ரென்று ஒரு சத்தம். அப்புறம் டவுசர் கிழியும். தினமும் இதுதான் கதை.

வலது முட்டியில் கறுப்புப் பட்டி. வாயைத் திறந்தால் 'நான் மும்பையில ஆடறப்ப' என்கிறான். அது என் வீட்டுக்காரர் பேச்சு. அட்சரம் பிசகாமல் இவர் பேச்சு.

இவர் பார்த்துக்கொண்டு சிரிக்கிறார். ஊர் திரும்பியதிலிருந்து இந்த மனிதர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 12

போன வருஷம் சென்னையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். கபடிக்காரர்களைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறாராம். இரண்டு நாள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இவரும் எல்லாவற்றையும் கொட்டினார். களத்துக்குள் இறங்கும்முன் கோட்டைத் தொட்டுக் கும்பிடுவது, கடைசி மேட்ச்சில் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் முட்டி மடங்கி விழுந்தது, கை நீட்டியும் எட்டாமல் போனது. என்னிடம்கூட அதைச் சொன்னதில்லை.

அந்த ஆளுக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டேனே நான்.

ஜூன் 20

சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று வாழைக்காய் மண்டிக்கு எடுத்துப் போனேன். இவருடைய பெரியப்பா மகன் மண்டி அது. தார் இறக்குவதை மேற்பார்வை பார்க்கும் வேலை என்றுதான் சொன்னார்கள். ஆள் குறைந்தால் இவரும் தூக்க வேண்டும்.

தார் தூக்கக் குனிந்தார். சுற்றி நின்றவர்கள் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டார்கள். அடுத்த தாருக்குக் குனியும்முன் இவர் ஒரு நொடி நிற்கிறார். சத்தம் வரட்டும் என்று காத்திருக்கிறார்.

"விளையாட்டுக்குப் பண்றாங்க வள்ளி" என்றார் என்னைப் பார்த்ததும். கேரியரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 27

கலைமதி பத்தாவது படிக்கிறாள். ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அம்மா மட்டும் வரட்டும்ப்பா." இவர் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஜூலை 6

என் தம்பி சுரேஷ்குமார் வந்தான். தில்லைநகரில் யாரோ செல்போன் கடை திறக்கிறார்களாம். 'ஒரிஜினல் சிங்காரம்' வந்தால் கூட்டம் சேருமாம்.

"மாமா, குனிஞ்சு நிமிர்ந்தா போதும். சத்தத்தை நம்ம பசங்க ஸ்பீக்கர்ல போட்டுக்குவாங்க."

"உனக்கு வெக்கமா இல்லையாடா? அவரு யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றேன்.

"தெரிஞ்சதாலதானேக்கா கூப்பிடறாங்க."

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "போவோம்" என்றார். என்ன போவோம்? எதற்குப் போவோம்?

ஜூலை 13

போனார். குனிந்தார். வீடியோவைக் கலைமதியின் வகுப்பு முழுக்கப் பார்த்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்தில் நிற்க இடமில்லை. காவேரி நுரைத்துக்கொண்டு போகிறது. தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ள இவர் குனிந்தார். மேல்படியிலிருந்து அந்தச் சத்தம். யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் படி முழுக்கச் சிரிப்பு. காதோலை கருகமணியோடு நின்ற பெண்கள்கூட.

இவர் சிரிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் விறைப்பாக நின்றார். குனியவும் இல்லை, ஏறி வரவும் இல்லை. நான்தான் இறங்கிக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

எட்டரைக்கு டி.வி. போடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஆகஸ்ட் 9

சுரேஷ் மறுபடி வந்தான். சுதந்திர தினத்தன்று தொட்டியம் பக்கத்தில் ஒரு ஊரில் கபடிப் போட்டி. பைனலுக்கு முன்னால் சிங்காரம் மாதிரி ஒரு தடவை பாடிப் போய் டவுசர் கிழிய விழ வேண்டும். இழுத்தால் கிழிகிற மாதிரி தைத்த டவுசரையே கொண்டுவந்திருந்தான். இவர் பிறந்த ஊர்ப்பக்கம். இவரை 'தொட்டியம் புயல்' என்று தோளில் தூக்கிய ஊர்ப்பக்கம்.

சரி என்றுவிட்டார்.

அவன் போன பிறகு, "நீயும் வா வள்ளி. நான் ஆடி நீ பார்த்ததே இல்லையே" என்றார்.

"டவுசர் கிழியறதைப் பார்க்கவா?" என்று கேட்டுவிட்டேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். என் வாய் இருக்கிறதே.

ஆனால் அவர் சொன்னது உண்மை. கல்யாணமான நாளிலிருந்து அவர் வெளியூரிலேயே ஆடினார். நான் பார்த்ததெல்லாம் கோப்பைகளும் பேப்பர் படங்களும் வீங்கிய முட்டியும்தான்.

ஆகஸ்ட் 14

காலையில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பத்து விரலையும், ஒட்ட, சதை தெரிய. "கல்யாண வீட்டுக்கா போறீங்க?" என்றேன். விரல்களை விரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 16

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் சொல்வதே நடந்தது என்றாகிவிடும்.

நேற்று நான் போனேன். கலைமதி வரமாட்டேன் என்றுவிட்டாள். சாயங்கால வெயில். சுற்றிலும் கயிறு கட்டி ஏகப்பட்ட கூட்டம். மைக்கில் ஒருவன் சூறாவளி, சூறாவளி என்று கத்துகிறான். இவர் வந்தார். சுரேஷ் கொடுத்த டவுசர் இல்லை. பெட்டிக்குள் கிடந்த தன் பழைய நீல டவுசர்.

நேரே நடுவரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினார். எதிராளியைக் கீறக் கூடாது என்று ஆட்டத்துக்கு முன் நகம் பார்ப்பார்களாம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நடுவர் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே போ போ என்று கையைத் தட்டிவிட்டார்.

கோட்டுக்கு வந்து குனிந்தார். ஸ்பீக்கரில் அந்தச் சத்தம். ஊரே சிரித்தது. அவர் எப்போதும் போல் தொட்டு, எப்போதும் போல் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு பாட ஆரம்பித்தார். கபடி கபடி கபடி. எனக்குத் தெரியாத குரல். வீட்டில் உப்பு போதவில்லை என்று சொல்கிற குரல் இல்லை அது.

எதிரே நின்ற பையன்கள் இளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நெஞ்சில் கை பட்டது. இன்னொருவன் காலில் கால் பட்டது. அவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நிஜமாக ஆடுகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துபோனது. மூன்றாமவன் தொடையைக் கட்டிப் பிடித்தான். அவனையும் இழுத்துக்கொண்டு வந்தார். முட்டி திரும்பியது. விழுந்தார். பாட்டு நிற்கவில்லை. மண்ணில் முகம் தேய, கையை நீட்டினார்.

மறுபடி ஸ்பீக்கரில் அந்தச் சத்தம். மைக்கில், "சிங்காரம் சாஞ்சுட்டாருங்கோ". நடுவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். விசில் அவர் கழுத்தில் தொங்கியது. ஸ்கோர் போடுகிறவர் கையில் சாக்பீஸே இல்லை.

கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினேன். முட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"வள்ளி, கை கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருச்சா?"

"போயிருச்சுங்க. நான் பார்த்தேன்."

"மூச்சு?"

"விடலைங்க."

மூன்று பாயின்ட். யாரும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 19

ஆபரேஷன் முடிந்தது. இனி இந்தக் கால் மடங்காது என்றார் டாக்டர். மண்டியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 7

அந்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றுகிறது. கலைமதி போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "சத்தத்தை நிறுத்திட்டுப் பாரும்மா" என்றாள். இரண்டு பேரும் நின்றபடி பார்த்தோம். சிரிப்பில்லை, ஸ்பீக்கர் இல்லை. ஒரு மனிதர் குனிகிறார், தொடுகிறார், போகிறார், திரும்புகிறார்.

"அப்பா இப்படித்தான் ஆடுவாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். எனக்கு என்ன தெரியும். ஆனாலும் ஆமாம் என்றேன்.

கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 15

தொடர் முடிந்துவிட்டது. அந்த நேரத்துக்கு இப்போது சமையல் போட்டி.

செப்டம்பர் 27

புரட்டாசிச் சனிக்கிழமை. கட்டையை ஊன்றிக்கொண்டு முதல் தடவையாகக் கோயிலுக்கு வந்தார். கலைமதியும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை.

கோபுர வாசற்படியில் நின்றுவிட்டார். பழக்க தோஷம், தொட்டுக் கும்பிடாமல் தாண்ட மாட்டார். குனிய முடியாது. பின்னால் கூட்டம் நெருக்குகிறது. கலைமதி பையை என்னிடம் கொடுத்தாள். குனிந்து படியைத் தொட்டு, எம்பி, அந்த விரலை அவர் கண்ணில் ஒற்றினாள்.

பின்னாலிருந்து ஒருவன் அந்தச் சத்தத்தைப் போட்டான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் குனிந்தாள், நிதானமாக. படியைத் தொட்டு, இந்தத் தடவை தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.