மூன்றாம் மாடி டூட்டி லிஸ்ட்

20 ஜனவரி 2025, திங்கள்

காலை ஆறு இருபதுக்கு பாகலூர் ரோடு முனையில் அவரைப் பார்த்தேன். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினார். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தேன். பனியில் நின்று இரண்டு நிமிடம் பேசினோம்.

"தர்ஷினி எழுந்துட்டாளா?"

"பாப்பா தூங்குறா. வீட்டுக்காரம்மா பாத்துக்கினு இருக்காங்க. களி சூடா இருக்குது, போய்ச் சாப்பிடுங்க."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். இந்த மாதம் நாங்கள் பேசியதில் பாதி அந்த முனையில்தான். நினைத்தால் சிரிப்பு வருகிறது. தன் குல்லாவைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டுப் போனார் தீர்த்தகிரி. வார்டு வரை அதோடே போனேன்.

22 ஜனவரி, புதன்

இன்றும் டபுள் ஷிப்ட். காலை ஏழிலிருந்து இரவு எட்டு. என் வார்டு சிஸ்டர் ராசாத்திக்குக் காய்ச்சல், வேறு ஆள் இல்லை.

25 ஜனவரி, சனி

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்தது இது.

ஐந்து நாளில் மூன்றாவது டபுள். சாயங்காலம் ஐந்து மணி. ஏழாம் கட்டில் அம்மாவுக்கு இன்சுலின். ஊசியில் ஏற்றிக்கொண்டு நேராக ஒன்பதாம் கட்டிலுக்குப் போய்விட்டேன். அங்கே இருப்பவர் திம்மராயன். ரோஜாத் தோட்டக்காரர், கால் எலும்பு முறிந்து வந்தவர். சட்டையை விலக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாக்கு ஷுகர் லேதம்மா."

புரியாதவள் மாதிரி நின்றேன். தெலுங்கு எனக்குத் தெரியாததா! அவரே தமிழில் சொன்னார்: "எனக்குச் சக்கரை இல்லம்மா. பேரைப் பாரு."

பதினொரு வருஷமாப் பண்ற வேலை. பேரைக் கேக்காம எப்படிப் போனன்? அந்தாளு தூங்கிக்கினு இருந்திருந்தா? நான் போட்டிருந்தா—

ஊசியை எறிந்தேன். முகம் கழுவினேன். புதிதாக ஏற்றி, ஏழாம் கட்டிலில் பெயரைக் கேட்டுப் போட்டேன். திம்மராயன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போயி டீ குடி தாயி. கண்ணு செவந்து கெடக்குது" என்றார்.

ஆனால் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். தவறு நடந்தால் எழுதும் ஃபாரத்தில், யாரும் கேட்காமலே. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'அப்போது பணியில் பத்து மணி நேரம் முடிந்திருந்தது. இந்த வாரம் இது மூன்றாவது இரட்டை ஷிப்ட்.'

26 ஜனவரி, ஞாயிறு

தீர்த்தகிரியிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். துணியை ஊறவைத்துக்கொண்டே சொன்னார்.

"எழுதினது சரிதான், மேகலா. ஆனா எழுதிட்டுச் சும்மா இருந்தீன்னா, அடுத்த மாசம் இன்னொருத்தி இதே மாதிரி எழுதுவா."

அது உண்மை. பிறகு நான் மதியம் மூன்று மணி நேரம் தூங்கினேன். அவர் துணி துவைத்துக் காயப்போட்டிருந்தார்.

27 ஜனவரி, திங்கள்

சாந்தம்மா மேடம் கூப்பிட்டார். எங்கள் நர்சிங் சூப்பிரண்டு. மேசையில் என் ஃபாரம்.

"யாரும் பாக்கலையே. எதுக்கு எழுதின?"

"நான் பாத்தன் மேடம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கோபம் வந்தது. "ஒரே வருஷத்துல மூணு பேரு நின்னுட்டாங்க. ஆளுக்கு நான் எங்க போறது? முடியும்னா நீங்களே லிஸ்ட் போட்டுக் கொண்டாங்க, பாக்கலாம்!"

கோபத்தில் சொன்னதுதான். நான் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் இருக்கிறதே!

2 பிப்ரவரி, ஞாயிறு

வாரம் முழுக்க மூன்றாம் மாடி சிஸ்டர்கள் பதினான்கு பேரிடமும் நானும் ராசாத்தியும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: எந்த ஷிப்ட் உனக்குக் கஷ்டமில்லை? இதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பலர் யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றார்கள்.

ராசாத்தி யோசிக்கவே இல்லை. "யக்கா, எனக்கு நைட்டே போடுங்க. சேந்தாப்புல நாலு நைட்டு பாத்துட்டு மூணு நாள் லீவு விட்டீங்கன்னா சாத்தூருக்குப் போய்ட்டு வந்துருவேன். அம்மாவப் பாத்து ஆறு மாசமாச்சு."

நான் வாங்கத் தவித்த லீவு அவளுக்கும் வேண்டும். நான் தள்ளத் தவித்த நைட் அவளுக்குப் பாரமில்லை. ஒரே வார்டில் மூன்று வருடம், தெரியவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்ட சுகுணாவுக்குப் போன் போட்டேன். "காலைல நாலு மணி நேரம்னா நாளைக்கே வர்றன்" என்றாள். குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே கத்தித்தான் சொன்னாள்.

இன்று வீட்டில் உட்கார்ந்து கட்டம் போட்டோம். யாருக்கும் டபுள் இல்லை. நைட் முடித்தவளை அன்று கூப்பிடக் கூடாது. ஒருத்தி வராவிட்டால் யார் வருவாள் என்று முதலிலேயே பெயர் இருக்கும். நான்கு தாள் கிழித்தோம். ஐந்தாவது சரியாக வந்தது. ராசாத்தி என் வீட்டுக் களியை முதல் தடவை சாப்பிட்டாள். "அப்படியே முழுங்கணுமாக்கா? மெல்லக் கூடாதா?" என்று கேட்டு தீர்த்தகிரியைச் சிரிக்க வைத்தாள்.

3 பிப்ரவரி, திங்கள்

மேடம் இரண்டு முறை படித்தார். "சுகுணா விஷயம் நான் மேல பேசுறன். பத்தாம் தேதியில இருந்து ஒரு மாசம். சரிப்படலன்னா பழைய லிஸ்ட்தான்."

19 பிப்ரவரி, புதன்

இரண்டு பேர் ஒரே நாளில் வரவில்லை. மாற்று ஆள் ஒருத்திதான். மதியம் இரண்டு மணிக்கு, இனி நான்தான் நிற்க வேண்டும், லிஸ்ட் இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் வந்தார். பி.பி. மெஷினைக் கையில் எடுத்தார்.

"என்ன பாக்கற? உன் ஷிப்ட் முடிஞ்சுது, வீட்டுக்குப் போ."

போனேன். படியிறங்கும்போது அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

2 மார்ச், ஞாயிறு

எங்கள் இருவருக்கும் ஒரே நாள் லீவு. பேரிகைச் சந்தையில் தக்காளி வாங்கினோம். ஏழரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

11 மார்ச், செவ்வாய்

ஒரு மாதம் நேற்றோடு முடிந்தது. காலையில் போனபோது சுவரில் லிஸ்ட் இல்லை. வார்டில் விசாரித்தேன். இரண்டாம் மாடி சிஸ்டர்கள் போட்டோ எடுக்கக் கொண்டு போயிருந்தார்களாம்.

அடுத்த மாதக் கட்டங்களோடு மேடம் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பித் தரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மணிமேகலை, இதுல என் பேரு எங்க?"

"உங்களுக்கு எதுக்கு மேடம்?"

"எனக்கும் ஒரு நாள் போடு. ஞாயித்துக்கிழமை. தங்கச்சி வீட்டுக்குப் போவணும், ஆனேக்கல்லுக்கு. பக்கத்துலதான். போயி நாலு வருஷமாச்சு."

கடைசி வரிசைக்குக் கீழே ஸ்கேலை வைத்துப் புதிதாக ஒரு வரிசை இழுத்தேன். ஞாயிற்றுக் கட்டத்தில் எழுதினேன்: சாந்தம்மா — லீவு.