ஹாலில் நிற்கும் இரண்டு காட்டாடுகள்

என்னங்க, என் அருமை மனுஷரே,

அங்கே நல்ல காபி கிடைக்கிறதா? இங்கே இந்த அமெரிக்க ஊரில், பிஸ்கட்டவேயில், எனக்குத் தலை சுற்றுகிறது. எல்லாம் உங்களால்தான்.

மியூசியத்தில் வாங்கி வந்து ஹாலில் மாட்டினீர்களே, அந்தப் பாரசீகப் படம்? கொம்பு வளைந்த இரண்டு காட்டாடுகள், மேலும் கீழும் புரியாத எழுத்து. மிருகங்களைப் பற்றிய ஏதோ பழங்காலப் புத்தகத்தின் ஒரு பக்கம், அச்சுப் பிரதிதான் என்றீர்கள். நம் காவ்யா டேகேர் போகும் வயதில் அதைப் படித்தும் காட்டினீர்கள்: "குட்டி எந்த மலைக்குப் போனாலும் அம்மாவும் அப்பாவும் பாத்துக்கிட்டே நிக்கும்னு எழுதியிருக்கு, கண்ணு."

இப்போது ஏரிக்கரைப் பூங்காவில் உங்கள் நினைவாக ஒரு பெஞ்ச் போடுகிறோம். பித்தளைத் தகட்டில் பொறிக்க அவள் அந்த வரியைத்தான் கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் நான் சரி சொல்ல வேண்டும்.

நேற்று பக்கத்து வீட்டு ஈரானிய அம்மா டீ குடிக்க வந்தார். படத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்டுக் கொம்பைச் சுட்டுப் பொடியாக்கித் தேனில் குழைத்துப் பூசினால் வீக்கம் வற்றுமாம். குட்டியும் இல்லை, மலையும் இல்லை!

ஏங்க, உங்களுக்கு அந்த மொழி தெரியுமா, தெரியாதா? மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர், தெரிந்தேதான் கதை விட்டீர்களா? பொய்யைப் பித்தளையில் பொறிக்க எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் பெண் உடைந்துபோவாளே என்றும் பயம். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

கடைசியில் போனில் அவளிடம் உளறிவிட்டேன்.

"ஐ நோ, அம்மா. காலேஜ்லயே ஒரு ஃப்ரெண்ட் படிச்சு சொன்னா. எனக்கு அப்பா சொன்னதுதான் வேணும்" என்றாள். பிறகு, "ஸோ, உனக்கு அப்பா என்ன படிச்சாரு?" என்று கேட்டாள்.

எனக்கா? வந்த விருந்தாளிக்கெல்லாம் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னீர்கள். நான் கேட்டால் மட்டும், "உனக்கு அப்புறம் சொல்றேன், முதல்ல தோசையத் திருப்பு" என்பீர்கள். போனை வைத்துவிட்டு அழுதேன்.

எனக்கென்று என்ன வைத்திருந்தீர்கள்? ஏதாவது வைத்திருந்தீர்களா, இல்லை சும்மா சொன்னீர்களா? ஒன்றும் புரியவில்லை, போங்கள்.

தகட்டுக்குச் சரி சொல்லிவிட்டேன். இனி அந்தப் படத்தை எவரிடமும் படிக்கச் சொல்ல மாட்டேன், சத்தியம். என் பங்கை, நான் வரும்போது நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

தோசையைத் திருப்பிவிட்டு இன்னும் நிற்கும்,
உங்கள் மனைவி