நீ வீட்டில் கேட்ட பாட்டுகள்

நேற்று உன் மனைவி உன் லேப்டாப்பை நம் ஒலிப்பதிவு ஸ்டூடியோ மேசையில் கொண்டுவந்து வைத்தார். "இத வச்சிக்கிட்டு நான் என்னண்ணா பண்ணப் போறேன். உங்களுக்காச்சும் ஆவும்," என்றார். நீ போய் மூன்று மாதமாகிறது. நல்ல நேரத்தில் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். பாட்டில் எந்த ஒலி ஜாஸ்தி, எது கம்மி என்று திரையில் கோடாகக் காட்டும் பிளகின் என்கிற மென்பொருள் ஒன்று வாங்க ஒரு வாரமாக அலசிக்கொண்டிருந்தேன். ஒன்றில் கோடு துள்ளுகிறது, இன்னொன்றில் நிதானமாக நகர்கிறது. எதை எடுப்பது என்று தெரியவில்லை.

உன் லேப்டாப்பில் அப்படி மூன்று இருந்தன.

செங்கம் சாலையில் இந்த அறையை நாம் வாடகைக்குப் பிடித்த புதிதில் இதே பிளகினைப் போடலாமா என்று கேட்டேன். "பாட்ட கண்ணாலயா கேப்ப? கடாசு அத," என்றாய். கடாசினேன். அதன்பின் நான் மிக்ஸிங் முடித்த எந்தப் பாட்டுக்கும் நீ இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னதில்லை. பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, "ஊட்ல கேட்டுட்டு காலைல சொல்றேன்," என்பாய். காலையில் வந்து, "மூவாயிரம் ஹெர்ட்ஸ்ல கொஞ்சம் கம்மி பண்ணு," என்பாய். இது காதா மெஷினா என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட மடையன் நான். மெஷின்தான்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக் கடைக்காரர் பௌர்ணமிக் கூட்டத்துக்குப் போடக் கேட்ட பாட்டில், ஜால்ராவை ஏற்றச் சொன்னாய். "காது குத்துதுடா," என்றேன். "உன் காதுதான் சரியில்ல, டாக்டர பாரு," என்றாய். நீயும் கூடவே வந்தாய். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், "எதுக்கும் இன்னொரு வாட்டி பாத்துடுங்க சார்," என்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டாக்டரை விட்டுவிட்டு உன்னை நம்பி ஜால்ராவை ஏற்றினேன். கடைக்காரர் பாதியிலேயே நிறுத்தி, "யாருப்பா இத பண்ணது?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

லேப்டாப்பில் உனக்கு நீயே எழுதிக்கொண்ட குறிப்பைப் படித்தேன். 'ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கவில்லை. அங்கே கோட்டைப் பார்த்துச் செய்.' அந்தப் பாட்டுக்கு இரண்டு வருடம் முன்பே எழுதியிருக்கிறாய். நீ பார்த்தது நிதானமாக நகரும் கோடு. ஜால்ராவின் கூர்மையெல்லாம் ஆறாயிரத்துக்கு மேலேதான்; சட்டென்று அடித்து ஓய்ந்துவிடும், அந்தக் கோட்டில் ஏறவே ஏறாது. அதே பாட்டைத் துள்ளும் கோட்டில் போட்டுப் பார்த்தேன். திரையின் உச்சிக்குப் போய் முட்டியது.

உன் காது போனதற்கு எனக்குக் கோபமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேலே உள்ளதை நான் கேட்டிருப்பேன், கீழே உள்ளதை நீ கேட்டிருப்பாய். இரண்டு பேர் எதற்கடா இருந்தோம்? உன் குறையை என் தலையில் கட்டினாய். கூட இருந்தே குழி பறித்தாய். செத்துப்போனவனோடு சண்டை போடவும் வழியில்லை.

துள்ளும் பிளகினையே என் கம்ப்யூட்டருக்கும் வாங்கிவிட்டேன். இன்று காலை ஒரு பாட்டை முடித்தேன். காது சரி என்றது, கோடும் சரி என்றது. இரண்டையும் நம்பாமல், பாடிய பெண்ணைக் கூப்பிட்டு நன்றாக இருக்கிறதா என்று நாலு தரம் கேட்டேன்.

"ஏன் சார், உங்களுக்குக் கேக்கலியா?" என்றாள்.

கேட்கிறது என்று சொல்வதற்குப் பதில், பாட்டை இன்னொரு தரம் முதலிலிருந்து போட்டேன்.