எண்ணெய்க்குப் பூட்டுப் போட்ட கதை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கோபம் மட்டும் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூடுதல். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ தீர்ப்புச் சொல்லிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாது.

அம்மாவின் ரத்தப் பரிசோதனை இன்னொரு தடவை மோசமாக வந்தால் அவளை என்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றாயே, அதற்குத்தான் பதில். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அறுவை, ஊசி, கதிர் என்று எல்லாவற்றுக்கும் கூடவே நின்றவன் நான். சிகிச்சை முடிந்ததும் கொழுப்பு ஆகாது என்று செய்தி மேல் செய்தியாக அனுப்பியது நீதானே? நானும் நூலகத்தில் அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். வீட்டிலிருந்த எண்ணெய்ப் பாட்டில்களை எல்லாம் பட்டறைக் கருவிப்பெட்டியில், கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். மீன், முட்டை, கடலைக்கும் தடை. வெறும் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை என்றாள், ஜாம் தடவிக் கொடுத்தேன். கொழுப்பு இல்லை என்று டப்பாவிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, என் மேல் என்ன தப்பு? உன் அம்மாவோ, ஊர் வண்டிக்கெல்லாம் ஆயில் மாத்தலைன்னு கத்தின மெக்கானிக், பெண்டாட்டியை மட்டும் வறட்டு ஓட்டம் ஓட்டுறாரு என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை ஏறியது, இடுப்பும் பெருத்தது. டாக்டரம்மாவுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. ஐயா, கொழுப்பைத் துரத்திட்டு சர்க்கரையை நடுவீட்டுல உட்கார வெச்சிருக்கீங்களே என்று நர்ஸ் சிரிக்கும்படி கேட்டார். எண்ணெயே கூடாது என்றில்லையாம், எந்தக் கொழுப்பு, எவ்வளவு என்பதுதான் விஷயமாம். பொரித்ததும் வெண்ணெயும் குறைய வேண்டும். கடலை, மீன், அளவான சமையல் எண்ணெய் இருக்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இடுப்புச் சதையும் கட்டுக்குள் இருக்கிற பெண்கள் இந்த நோய்க்குப் பிறகு கூடுதல் காலம் வாழ்வதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் சாப்பாடு மட்டுமே காப்பாற்றும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, மாத்திரையை விடவே கூடாது என்றார். இதை நீ முதலிலேயே ஒழுங்காக அனுப்பியிருந்தால் எனக்கு இந்த அவமானம் வந்திருக்குமா?

இப்போது பூட்டு திறந்தாகிவிட்டது. நான் இறங்கி வந்ததாக நினைக்காதே, உன் அம்மா சுத்தியலை எடுத்துவிட்டாள். அளவுக் கரண்டி என் கையில்தான். சாப்பிட்டதும் இரண்டு பேரும் நடக்கிறோம், அவள் முன்னால், நான் பின்னால். சீக்கிரம் வாங்க, என்னை யாராவது கடத்திட்டுப் போயிடப் போறாங்க என்று திரும்பிப் பார்த்துக் கேலி வேறு. நேற்று முடிவு வந்தது, சர்க்கரை இறங்கியிருக்கிறது. முழுவதும் இல்லை, ஆனாலும் டாக்டரம்மா தலையாட்டினார். மகளிடம் போகிறாயா என்று உன் அம்மாவை நானே கேட்டுவிட்டேன், கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வரலைன்னு எழுதுங்க, இந்த மனுஷனை இப்பத்தான் பாதி வழிக்குக் கொண்டுவந்திருக்கேன், விட்டுட்டுப் போனா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும் என்றாள். எழுதிவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மகளும் ஒரு தடவை மார்பகப் பரிசோதனை செஞ்சுக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னதை உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், நீ பேச்சை எங்கள் சமையலறைக்கே திருப்பிவிடுகிறாய். உன் அம்மா வாய்விட்டுக் கேட்க மாட்டாள். போன் மணி அடித்தால், உன்னிடமிருந்து என்ன சேதி வருமோ என்ற பயத்தில் இப்போதெல்லாம் என்னைத்தான் எடுக்கச் சொல்கிறாள். பரிசோதனைக்குப் போய்வந்ததும் அவளைக் கூப்பிடு. நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா